வெலிகமவில் பத்து நிமிடம்

கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு என் அத்தையை ஞாபகம் இருக்கும். அப்பாவின் கடைசித் தங்கச்சி. மழையில் நாம் நனைந்துகொண்டு வரும்போது, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் நம்மை இழுத்து நிறுத்தி, தன் தலைத்துண்டால் நம் தலைகளைத் துவட்டிவிடுவாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். சிரித்தால் அதுதான் முதலில் தெரியும்.

அவள் இந்தியாவுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நாங்கள் வேன் பிடித்துக் கடலோரமாகப் போய்வந்ததும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்தத் தவணை முழுக்க அந்தக் கதையைத்தானே உங்களிடம் அளந்துகொண்டிருந்தேன். உப்பு வயல், கடலுக்குள் கம்பு நட்டு அதன் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்கள், சட்டியில் தயிர். எல்லாவற்றையும் சொன்னேன். வெலிகமவில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. நம்மில் நாலைந்து பேர் இல்லாமலும் போய்விட்டார்கள். இனியும் வைத்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த மாசியில் கந்தப்பளைப் பக்கமெல்லாம் பனி விழுந்து கொழுந்து கருகிப்போயிருந்தது. எங்கள் தோட்டத்திலும் வேலை குறைவு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பெரியப்பாவுக்கு இந்தியா போகச் சொல்லிப் பேப்பர் வந்தது. பல வருடங்களுக்கு முன்னால், எந்த நாட்டுக்காரர்கள் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, பெரியப்பா இந்தியா என்று எழுதினார். அப்பா இலங்கை என்று எழுதினார். அப்போது அத்தை சின்னப் பிள்ளை. தாய் தகப்பன் இல்லாததால் மூத்த அண்ணன் குடும்பத்தில் அவள் பெயரைச் சேர்த்திருந்தார்கள். ஆகவே அவளும் போக வேண்டும் என்று பேப்பர் சொன்னது.

அத்தை ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். பெரியப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நான் இங்கனயே சின்னண்ணன் வீட்டுல இருந்துக்கிறேண்ணே."

"எந்தப் பேப்பர்ல இருப்ப?" என்றார் பெரியப்பா. "பேரு அங்க ஏறிடுச்சு. அங்க வீடு குடுக்கிறாங்க. நெலம் குடுக்கிறாங்கன்னு சொல்றாங்க. ஒனக்கும் ஒரு மாப்பிள்ளையப் பாத்துரலாம்."

அத்தை குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் போன பிறகு அப்பா சொன்னார், "கப்பல்ல போறதுக்குப் பயப்படுறாண்ணே. கடலையே பாத்ததில்லையே. ஒருதரம் காட்டிட்டா சரியாயிரும்."

இப்படித்தான் அந்தப் பயணம் ஏற்பாடானது. கதிர்காமத்தில் சாமி கும்பிட்டுவிட்டு, வந்த வழியே மலையேறாமல், கடலோரமாகவே காலி, களுத்துறை வரைக்கும் போய், அங்கிருந்து ஹட்டன் பாதைக்கு ஏறுவது. அப்பா தொழிற்சாலையில் பிட்டர். எந்த மெஷின் எந்தச் சத்தம் போட்டால் எங்கே கோளாறு என்று அவருக்குத் தெரியும். தங்கச்சிக்கு என்ன கோளாறு என்பதை மட்டும் அவர் தப்பாகக் கண்டுபிடித்தார். அத்தைக்குக் கடலைக் கண்டு பயமே இல்லை. அவளுக்குப் போகப் பிடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஏனென்றால் அவளுடைய கடிதங்களை வாசித்ததும் எழுதியதும் நான்தான்.

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. எட்டு வயதிலேயே பிள்ளை பார்க்க விட்டுவிட்டார்கள், பிறகு கொழுந்துக்கு. அவளுடைய தோழி ஒருத்தி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆறாவது காம்பராவில் இருந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வெலிகமவில் ஒரு முஸ்லிம் வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தாள். தோட்டத்துக்குக் கடிதம் வந்தால் பெரியப்பா கையில் போய்விடும் என்று, பள்ளிக்கூடத்துக்கு என் பெயரில் போடுவாள். "ஒனக்குக் கடிதம் எழுத யாரும்மா இருக்கா?" என்று டீச்சர் கேட்பார். "சொந்தக்காரங்க" என்பேன். தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பின்னால் உட்கார்ந்து அத்தைக்கு வாசித்துக் காட்டுவேன்.

"வீட்டுக்காரம்மா நல்லவங்க. ஊர்ப் பொம்பளைங்களுக்குச் சட்டை தைக்கிறாங்க. எனக்கும் மெஷின்ல தைக்கப் படிச்சுக் குடுத்துட்டாங்க. இன்னும் ஒரு ஆள் வேணும்னு சொல்றாங்க. நீ வா. பள்ளிவாசலை ஒட்டின சந்து, பச்சைக் கேட்டு. எப்ப வந்தாலும் நான் இருப்பேன்."

இந்தக் கடிதத்தை அத்தை என்னை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். "எந்த நாளு வெலிகமயில நிப்போம்னு அப்பாகிட்ட மெதுவாக் கேட்டுச் சொல்லு" என்றாள். கேட்டுச் சொன்னேன். பதிலையும் நானே எழுதினேன். எனக்குப் பத்து வயது. ஒரு பெரிய மனுஷியின் ரகசியம் என் கையெழுத்தில் போகிறது என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

வேனில் ஆறு பேர். அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, அத்தை, நான். டிரைவர் ஹட்டனில் குடியிருந்த சிங்களவர். பிறந்தது தங்காலைப் பக்கம். வேன் பழசு. ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவார். பெரியப்பா அவசரப்படுத்தினால் "ஹெமின், ஹெமின்" என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். "அவசரம் போனா எஞ்சின் சூடு. கடல் எங்கயும் போறதில்ல ஐயா."

கதிர்காமத்தில் ஒரு நாள் இருந்தோம். மறுநாள் திஸ்ஸவுக்கு அப்பால் ரோட்டோரத்தில் சட்டித் தயிர் வாங்கினோம். கித்துள் பனையின் இனிப்புப் பாணி ஊற்றித் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளித் தின்றோம். அம்பாந்தோட்டையில் உப்பு வயலைப் பார்த்த பெரியம்மா, நம்ம ஊரு மாதிரி இங்கேயும் பனி விழுந்திருக்கு என்றார். டிரைவர் சிரித்துச் சிரித்து ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். அடுத்த வளைவில் கடல் வந்தது. ஒரு சத்தமும் இல்லாமல், ரோட்டுக்குப் பக்கத்திலேயே, வானம் கீழே இறங்கிவிட்டதுபோல.

டிரைவர் வேனை ஓரமாக நிறுத்தினார். அத்தை இறங்கி நேராக நடந்து போனாள். முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்றாள். ஒரு கையளவு அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். திரும்பி எங்களைப் பார்த்து, அந்த இடைவெளிப் பல் தெரியச் சிரித்தாள். என் ரப்பர் செருப்பில் ஒன்றை அலை கொண்டுபோனது அப்போதுதான்.

"பாத்தியாண்ணே, பயமே இல்ல" என்றார் அப்பா.

அன்று தங்காலையில் டிரைவருடைய அக்கா வீட்டில் தங்கினோம். மறுநாள் காலையில் கிணற்றடியில் வைத்து அத்தை என்னிடம் ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். என் கொப்பியில் நடுத்தாளைக் கிழித்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதியது இன்றைக்கும் அப்படியே மனப்பாடம்.

"ரெண்டு அண்ணனுக்கும். என்னத் தேட வேணாம். நல்ல எடத்துலதான் இருக்கேன். தையல் படிக்கப் போறேன். கப்பலுக்குப் பயந்து போகல. அங்க போகப் புடிக்கல. ஒருதரம் சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்து, ஊசியால் குத்திவிட்டாள். "வேன் பொறப்படுறப்ப அப்பாகிட்ட குடு. அதுக்கு முன்னால குடுக்கக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பிறகு கேட்டேன், "நான் ஒங்கள எப்ப அத்தை பாக்குறது?"

"வருசா வருசம் கதிர்காமம் வாங்க. இந்தப் பக்கமாத் திரும்பிப் போனா வழியிலதானே" என்றாள்.

வெலிகமவுக்கு மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். பிறை மாதிரி வளைந்த கரை. கரைக்குப் பக்கத்தில் மரம் அடர்ந்த ஒரு குட்டித் தீவு. சிவப்பும் நீலமுமாய்ப் படகுகள். அம்மாவும் பெரியம்மாவும் தென்னை நிழலில் பாண் ரொட்டியையும் சம்பலையும் எடுத்து வைத்தார்கள். பெரியப்பா துண்டை விரித்துப் படுத்துவிட்டார். டிரைவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனார். அத்தை வேண்டுமென்றே அலையில் இறங்கிச் சேலையை இடுப்பு வரைக்கும் நனைத்துக்கொண்டாள். பிறகு தன் துணிப்பையை எடுத்தாள்.

"எங்க போற?" என்றார் பெரியம்மா.

"ஏதாச்சும் வீட்டுல கேட்டுச் சேலை மாத்திட்டு வாறேன் அண்ணி."

போகும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு பாறையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தார். உங்கள் அப்பாமாரைப் போலத்தான் என் அப்பாவும். வேலை விட்டு வந்தால் கை கழுவுவார், சாப்பிடுவார், படுப்பார். என்னோடு பேசுகிற வழக்கம் இல்லை. அன்றைக்குப் பேசினார். அவருடைய அப்பா இந்தக் கடல் வழியாகத்தான் வந்தாராம். எனக்கு எழுத்து நன்றாக வருகிறது என்று டீச்சர் சொன்னாராம். "படி. டீச்சரா வரலாம் நீ" என்றார். ஐஸ் உருகி என் முழங்கை வரைக்கும் ஒழுகியது. தன் கைலேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டார். எண்ணெய்க் கறை ஏறிய, பெரிய விரல்கள்.

அத்தையை எங்களோடேயே வைத்துக்கொள்ளத்தான் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்தேன் என்று ரொம்ப வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அப்பா அவ்வளவு நல்லவராக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதிலுக்கு எதையாவது கொடுக்க வேண்டும்போல் இருந்தது. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். ஊசியைக் கழற்றித் தாளை எடுத்து நீட்டினேன்.

அப்பா உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார். என் கையெழுத்து என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க போயிருக்கா?"

"பள்ளிவாசல் பக்கத்துச் சந்து. பச்சைக் கேட்டு."

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். என் தலையில் கை வைத்து, "நல்ல புள்ள" என்றார்.

என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தூரமாக அவர் பின்னாலேயே போனேன். சந்து முனையில் ஒரு மதில். அதற்குப் பின்னால் நின்று பார்த்தேன். அத்தை பச்சைக் கேட்டுக்கு முன்னால் நின்று தட்டிக்கொண்டிருந்தாள். ஈரச் சேலையில் மணல் ஒட்டியிருந்தது. துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. அப்பா போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை.

"வா. வேன் நிக்குது."

"ஒரு நிமிசம் இருங்கண்ணே" என்றாள். "தொறந்துருவாங்க."

"வா."

அவள் வந்தாள். இரண்டு தடவை திரும்பிக் கேட்டைப் பார்த்தாள். அது மூடியேதான் இருந்தது. நான் குறுக்கே ஓடி, அவர்களுக்கு முன்னால் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் சட்டைப் பையைக் கண்ணால் காட்டி ஜாடையாகக் கேட்டாள் அத்தை. கடிதம் அதற்குள்ளேயே இருக்கிறது என்பதுபோல் தலையாட்டினேன்.

அப்பா யாரிடமும் எதையும் சொல்லவில்லை. வழி தவறிவிட்டாள் என்று மட்டும் பெரியப்பாவிடம் சொன்னார். தெரிந்திருந்தால் பெரியப்பா ரோட்டிலேயே அடித்திருப்பார். தங்கச்சியைக் காப்பாற்றிவிட்டதாகவே அப்பா கடைசிவரை நினைத்தார். வேன் ஏறும்போது அத்தை கேட்டாள், "எப்புடிண்ணே தெரிஞ்சுது?"

"தெரியும்" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

மிச்சப் பயணம்தான் கொடுமை. ஒன்றும் தெரியாத டிரைவர் நல்ல இடமாகப் பார்த்துப் பார்த்து நிறுத்தினார். கம்பு மேல் மீன் பிடிக்கிறவர்களைக் காட்டினார். காலிக் கோட்டைச் சுவரைக் காட்டினார். "எறங்கிப் பாருங்க நங்கி, நல்ல காத்து" என்று அத்தையைத் தங்கச்சி முறை வைத்துக் கூப்பிடுவார். அவள் ஒவ்வொரு இடத்திலும் மரியாதைக்கு இறங்கி நின்றாள். கடலுக்கு முதுகைக் காட்டி, வந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. "ஏன் வரல? அன்னைக்குப் பூரா ஒன்னப் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னும் எடம் இருக்கு. எப்படியாவது வா" என்று தோழி எழுதியிருந்தாள். தண்ணிப் பீலிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வாசித்தேன். இதை அத்தைக்கு வாசித்துக் காட்டினால், அப்பாவுக்குச் சொன்னது தோழி இல்லை என்று தெரிந்துவிடும். அப்படியானால் யார் சொன்னது என்று கேட்பாள். வீட்டுக்குப் போய் அடுப்பில் போட்டேன். அன்று மாலை அத்தை கேட்டாள், "கடிதம் ஏதாச்சும் வந்துச்சா புள்ள?"

"வரல அத்தை."

இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னார் ரயில் ஏறும்வரை அவளுக்கு இன்னொரு கடிதம் போட நேரம் இருந்தது. அவள் வேறு கடிதம் எழுதச் சொல்லவே இல்லை.

இந்தியாவில் அவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. மண்டபத்தில் முகாமில் இருந்தார்கள். பிறகு கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இங்கே எடுத்த அதே கொழுந்தைத்தான் அங்கேயும் முப்பது வருடம் எடுத்தாள் அத்தை. மனைவியை இழந்த ஒருவருக்கு, இரண்டு பிள்ளைகளோடு, அவளைக் கட்டிக் கொடுத்தார் பெரியப்பா. நான் அப்பா சொன்னபடியே டீச்சரானேன். சுமார் பதினைந்து வருடம் முன்னால் கூடலூருக்குப் போய் அவளைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். காது அப்போதே கொஞ்சம் மந்தம். என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டே இருந்தாள். தேத்தண்ணி குடிக்கும்போது அவளாகவே வெலிகமப் பேச்சை எடுத்தாள்.

"அவதான் எங்கண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கா. வரச் சொல்லிட்டு, கேட்டச் சாத்திக்கிட்டு உள்ளயே நின்னுட்டா. சேந்து வளந்தவ. அதத்தான் இன்னமும் என்னால மறக்க முடியல."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இருக்கும் அத்தை" என்றேன்.

பத்து வயதில் செய்ததை நீங்கள் மன்னிப்பீர்கள் என்று தெரியும். 'இருக்கும்' என்று சொன்னபோது எனக்கு நாற்பத்தெட்டு.

போன மாதம் மகளும் மருமகனும் காரில் என்னைக் கடலோரமாகக் கூட்டிப்போனார்கள். வேகப் பாதையில் போகாமல், பழைய ரோட்டில், நின்று நின்று. வெலிகம வந்ததும் இறங்கினேன். கால் மரத்துவிட்டது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, பள்ளிவாசலை ஒட்டிய சந்துக்குள் நடந்தேன். பச்சைக் கேட்டு இல்லை. மாடி வீடு எழும்பியிருந்தது. கீழே ஒரு தையல் கடை. கழுத்தில் அளவு நாடா போட்டிருந்த பெண்ணிடம், முன்பு இங்கே கொட்டகலையிலிருந்து வந்த ஒருவர் இருந்தாரே என்று கேட்டேன். "எங்க உம்மாவ கேக்குறீங்களா?" என்று உள்ளே கூட்டிப்போனாள்.

தோழிக்கு எழுபத்தைந்து இருக்கும். அந்த ஊரிலேயே கலியாணம் முடித்து, அந்தக் கடையையே எடுத்து நடத்தியிருக்கிறாள். முக்காடு போட்டிருந்தாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

"நீ கடிதம் எழுதுற புள்ளையா?"

அங்கேயே, நின்றபடியே சொல்லிவிட்டேன். அப்பா, ஐஸ்பழம், அடுப்பில் போட்ட கடிதம், கூடலூரில் சொன்னது, எல்லாவற்றையும். என்னைத் தேடிக்கொண்டு வந்த மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தோழி முக்காட்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு சொன்னாள், "பாயி கூட விரிச்சு வெச்சிருந்தேன். பின்னால கெணத்தடியில நின்னேன். தட்டுற சத்தம் கேட்டு ஓடி வந்து தொறந்தா யாருமே இல்ல. கடிதம் போட்டும் பதில் வராததால, அவ வேணாம்னு முடிவு பண்ணிட்டான்னு நெனச்சேன். பெரிய எடத்துக்குப் போறவ, நம்மள எதுக்குன்னு நெனச்சிருப்பான்னு." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள். "இருக்காளா?"

"இருக்காங்க."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"எடு போனை" என்றாள்.

வீடியோ கோல் போட்டேன், அத்தையின் பேத்திதான் எடுத்தாள். அத்தை படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை, கத்தித்தான் பேச வேண்டும் என்றாள் பேத்தி. நான் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"என்னா சொல்ற? கேக்கல" என்றாள் அத்தை.

"வெலிகமயில அப்பாகிட்ட சொன்னது நான்தான் அத்தை."

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. கடைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கத்தினேன். என் வாழ்க்கையில் ஒரு வகுப்பறையிலும் அப்படிக் கத்தியதில்லை.

"நான்தான் சொன்னேன் அத்தை. அவங்க இல்ல. நான்தான் கடிதத்தக் குடுத்தேன்."

அந்தப் பக்கம் பேத்தியும் அவள் காதருகே குனிந்து அதையே சொல்வது கேட்டது. என் வார்த்தைகள் இன்னொரு பிள்ளையின் வாயிலிருந்து அவளுக்குப் போய்ச் சேர்ந்தன. அத்தையின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கண்கள் மட்டும் எதையோ தேடின.

"அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்காங்க அத்தை."

"அவகிட்ட குடு."

கொடுத்தேன். தோழி போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். பிறகு இரண்டு பேருமே ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், லயத்துப் பேச்சில், சத்தம் போட்டு. நான் தள்ளிப் போய் வாசல்படியில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைத் தொடவில்லை.

அரை மணி நேரம் கழித்துத் தோழி வந்து போனை என் கையில் வைத்தாள். கோல் முடிந்திருந்தது. என்னைப் பற்றி அத்தை ஏதாவது கேட்டாளா என்று நான் கேட்டேன்.

"இல்ல" என்றாள் தோழி.